அறுபதுக்கு மேல் கையில் வெட்டுக்காயம்: வீட்டில் என்ன செய்வது, எப்போது கிளம்புவது

அரிவாள்மணையிலும் தேங்காய் துருவியிலும் கைபட்டு வளர்ந்தவர்கள் நாம். ரத்தம் வந்தால் விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, கொஞ்சம் மஞ்சள்தூளை அப்பி, பழைய வேட்டியில் ஒரு கிழிசலைச் சுற்றிக்கொண்டு மீதிக் காயை நறுக்கி முடித்திருக்கிறோம், நாலைந்து நாளில் அதுவும் ஆறியிருக்கிறது. அதனால் அறுபத்தைந்திலும் அதையே செய்கிறோம். அன்றைக்கு அது ஆறியதில் மஞ்சளைவிட வயதுக்குத்தான் பங்கு அதிகம்.

புறங்கையைக் கொஞ்சம் கிள்ளி விட்டுப் பாருங்கள், தோல் சட்டென்று படியாமல் சோம்பலாகத் திரும்பும். அடியில் இருந்த கொழுப்பு குறைந்துவிட்டது, மேல்தோலும் உள்தோலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்த பிடி தளர்ந்துவிட்டது, ரத்தக் குழாய்களுக்கு முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. கதவுத் தாழ்ப்பாளில் லேசாக உரசினாலே தோல் சீவினாற்போல வருவது இதனால்தான். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ வருடக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு இன்னும் மெல்லிசாகியிருக்கும். போதாததற்கு நம்மில் பலர் ரத்தம் எளிதில் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற ஏதோ ஒரு ரத்த மாத்திரையில் இருக்கிறோம், சர்க்கரையும் இருந்தால் வெட்டுப்பட்டதே சில சமயம் உறைக்காது, தரையில் சொட்டு விழுந்த பிறகுதான் பார்ப்போம்.

ஆக, செய்ய வேண்டிய வேலைகள் பழையவைதான், செய்யும் விதம்தான் மாற வேண்டும். தனியாக இருப்பவர்களையும், இருவர் மட்டும் இருக்கும் வீடுகளையும் மனதில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

முதலில் உட்காருங்கள்

ஆமாம், காயத்தைப் பார்ப்பதற்கும் முன்னால். ரத்தத்தைப் பார்த்ததும் குழாயடிக்கு ஓடுவது, பஞ்சு தேடி மேல் அலமாரிக்கு ஸ்டூல் போட்டு ஏறுவது, அங்கே தலைசுற்றி விழுவது, இதில் விரல் வெட்டைவிட இடுப்பெலும்புதான் பெரிய செலவு. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தாலே கிறுகிறுப்பு வரும். அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிட்டு, கையில் கிடைத்த சுத்தமான துணியை (துவைத்த கைக்குட்டை போதும்) காயத்தின் மேல் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மேசைமேல் ஊன்றி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள்.

அப்புறம் அழுத்துங்கள். நன்றாக, ஒரே இடத்தில், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். ரத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 20 நிமிடம். இதில் எல்லோரும் தவறுவது எங்கே என்றால், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கி "நின்றுவிட்டதா?" என்று பார்ப்பதில்தான். அப்போதுதான் உறையத் தொடங்கியிருக்கும் ரத்தம் துணியோடு பிய்ந்து வரும், கணக்கு மறுபடி முதலிலிருந்து. துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்துங்கள்.

விரலின் அடியில் நூலையோ ரப்பர் பேண்டையோ இறுக்கிக் கட்டுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம். நேரே காயத்தின் மேல் அழுத்தினாலே இந்த அளவு வெட்டுகள் நிற்கும், கட்டிவிட்டு மறந்துபோனால் விரலுக்கே ஆபத்து. காபித்தூள், சர்க்கரை, சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் எதையும் வைக்காதீர்கள், ரத்தம் நிற்பதுபோல் தெரிந்தாலும் பிறகு அதை உள்ளிருந்து கழுவி எடுப்பதே தனி வேலையாகிவிடும், டாக்டருக்கும் காயத்தின் ஆழம் தெரியாது.

ரத்தம் நின்றதும் உடனே இன்னொன்று செய்ய வேண்டும்: அந்தக் கையில் இருக்கிற மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கல்யாணத்தில் போட்ட மோதிரம் முப்பது நாற்பது வருடமாகக் கழற்றாமலே இருக்கும், விரல் முட்டியும் இப்போது பருத்திருக்கும். காயம்பட்ட கை ஒரு மணி நேரத்தில் வீங்கிவிட்டால் மோதிரம் விரலை நெரிக்கும். சோப்பு நுரை போட்டு, கையை உயர்த்திப் பிடித்து, இழுக்காமல் திருகித் திருகி எடுத்துப் பாருங்கள். வரவில்லை, விரலும் வீங்குகிறது என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், அங்கே மோதிரத்தை வெட்டி எடுக்கச் சின்ன கருவி வைத்திருப்பார்கள். தங்கம் போகிறதே என்று யோசிக்காதீர்கள், ஆசாரியிடம் கொடுத்தால் ஒட்டித் தருவார்.

ரத்தம் பீய்ச்சி அடித்தாலோ, சொன்ன நேரம் முழுக்கச் சரியாக அழுத்தியும் நிற்காமல் வழிந்தாலோ, அழுத்தத்தை விடாமல் கிளம்ப வேண்டியதுதான். தனியாக இருந்தால் 108. வண்டி வருவதற்குள் வாசல் கதவின் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

ரத்த மாத்திரை விஷயம்

ஈகோஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின், அசிட்ரோம், அபிக்ஸாபான், ரிவராக்ஸாபான் இவற்றில் எதுவோ ஒன்று உங்கள் காலை டப்பாவில் இருக்கலாம். வெட்டுப்பட்டால் ரத்தம் நிற்க அதிக நேரம் ஆகும், அவ்வளவுதான், அதைப் பொறுமையால் சமாளிக்கலாம். இதற்குப் பயந்து மாத்திரையை நாமாக நிறுத்துவது கூடவே கூடாது. விரலில் வழிந்த ரத்தத்தைத் துணியால் நிறுத்திவிட முடியும், மாத்திரையை நிறுத்தியதால் மூளையிலோ இதயத்திலோ அடைப்பு வந்தால் அதை யாரும் அழுத்தி நிறுத்த முடியாது. ரத்தம் நிற்கவே இல்லை என்றால் எந்த மாத்திரை, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதோடு டாக்டரிடம் போங்கள். அட்டையையே கையில் எடுத்துக்கொண்டு போனால் பெயரை நினைவுபடுத்தித் திணற வேண்டியதில்லை.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் ரத்த மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும், சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை.

கழுவுவது

ரத்தம் நின்ற பிறகு குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள், ஐந்து நிமிடமாவது. குடிக்கிற தண்ணீர் தரத்தில் இருந்தால் போதும். போர் தண்ணீர் கலங்கலாக வருகிற வீடு, தொட்டி கழுவி மாசக்கணக்கான வீடு என்றால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சொம்பில் எடுத்து மேலிருந்து ஊற்றுங்கள். ஊறவைப்பது வேறு, ஓடவிடுவது வேறு: கிண்ணத்தில் கையை முக்கி வைத்தால் அழுக்கும் அதே கிண்ணத்தில்தான் கிடக்கும். சுற்றியுள்ள தோலுக்குச் சோப்பு போடலாம், காயத்துக்குள் வேண்டாம். மணல், கண்ணாடித் தூள், தேங்காய் நார் ஏதாவது கண்ணுக்குத் தெரிந்தால் தீயில் காட்டி ஆறவைத்த சின்ன இடுக்கியால் எடுங்கள். ஆழத்தில் இருந்தால் நோண்டாதீர்கள்.

"எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது" என்று நம்மை வளர்த்துவிட்டார்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, தண்ணீர் கலக்காத டெட்டால் எல்லாம் எரிப்பது கிருமியை மட்டுமில்லை, காயத்தை மூட வந்துகொண்டிருக்கும் புதுத் திசுவையும்தான். பீட்டாடைன் அந்த அளவு மோசமில்லை, அழுக்கான காயத்தில் முதல் நாள் ஒருமுறை போட்டால் தப்பில்லை, ஆனால் தினமும் ஊற்றிக்கொண்டிருந்தால் ஆறுவதைத் தாமதப்படுத்தும். தைராய்டு பிரச்சினை இருப்பவர்கள் அதை வாரக்கணக்கில் போடவே கூடாது, அதிலுள்ள அயோடின் உடம்புக்குள் போகும். சின்ன வெட்டுக்குத் தண்ணீரே போதும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, செலவே இல்லாததால் இருக்கலாம்.

மஞ்சளுக்குக் கிருமியை எதிர்க்கும் குணம் உண்டு என்பது சரி, ஆனால் நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பது ஈரக் கரண்டி நாலு தடவை போய்வந்த சமையல் மஞ்சள். வேலியோரத்தில் பறித்துக் கசக்கிப் பிழிகிற வெட்டுக்காயப் பூண்டும் அப்படித்தான். இலைக்கு மருந்துக் குணம் இருக்கட்டும், அதோடு வருகிற மண்ணுக்கு என்ன செய்வது? அந்த மண்ணில்தான் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கும்.

விரல் வேலை செய்கிறதா என்று பாருங்கள்

பெரும்பாலோர் தவறவிடுகிற படி இது, என்னைக் கேட்டால் இருப்பதிலேயே முக்கியமானது. கையில் தோலுக்கு மிக அருகிலேயே விரலை மடக்கும் நாண்களும் (தசையை எலும்போடு பிணைக்கும் கயிறுகள்), விரலின் இரண்டு ஓரங்களிலும் உணர்ச்சி நரம்புகளும் ஓடுகின்றன. உடைந்த கண்ணாடி டம்ளரைக் கழுவும்போது ஒரு சென்டிமீட்டர் கீறல், ரத்தம்கூட அதிகம் வராது, ஆனால் உள்ளே நாண் அறுந்திருக்கலாம். உள்ளங்கைப் பக்கத்துக் காயம் என்றால் சந்தேகம் இன்னும் அதிகமாக இருக்கட்டும்.

சோதனை எளிது. விரலின் நடு எலும்பை மறுகையால் நேராகப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்குங்கள். மடங்குகிறதா? பிறகு உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து ஒவ்வொரு விரலாகத் தூக்குங்கள். கட்டை விரலையும் விட்டுவிடாதீர்கள். அடுத்து பேனா மூடியால் விரல்நுனியின் இடது ஓரம், வலது ஓரம் இரண்டையும் தொட்டுப் பாருங்கள், மறுகையின் அதே விரலோடு ஒப்பிட்டு. சர்க்கரையால் ஏற்கெனவே இரண்டு கையும் மரத்திருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு அவசியம், இல்லாவிட்டால் பழைய மரப்பா புது மரப்பா என்று தெரியாது.

ஒரு விரல் மடங்கவில்லை, நிமிரவில்லை, ஒரு ஓரம் மரத்திருக்கிறது, மடக்கும்போது ஒரு புள்ளியில் சுரீர் என்கிறது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. நாணைச் சில நாளுக்குள் தைத்துவிட்டால் விரல் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும், "வீக்கம் வடியட்டும்" என்று மூன்று வாரம் கழித்துப் போனால் அறுந்த முனைகள் உள்ளே சுருங்கிப்போய் வேலை சிக்கலாகிவிடும்.

தையலுக்கும் அன்றைக்கேதான் போக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. காயத்தின் இரண்டு விளிம்பும் தானாகச் சேராமல் வாயைப் பிளந்து நின்றாலோ, உள்ளே மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தாலோ, மூட்டுக்கு நேர் மேலே ஆழமாக இருந்தாலோ வீட்டு வைத்தியம் போதாது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் சில காயங்களை ஒட்டுவதற்குப் பசை உண்டு, ஆனால் அது வேறு சரக்கு. கடைப் பசை காயத்துக்குள் சூடேறி எரிக்கும், உள்ளே கிருமியையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஈரமாக மூடி வையுங்கள்

"காத்து படட்டும், காஞ்சு பக்கு கட்டினால்தான் ஆறும்." நம் வீடுகளில் மாமியார், சித்தப்பா, கம்பவுண்டர் எல்லோரும் ஒருமித்துச் சொன்ன ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும். ஜார்ஜ் வின்டர் என்ற இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் 1962-இல் பன்றிக்குட்டிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் விட்டு, சிலவற்றை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடிப் பார்த்தார். மூடி ஈரமாக இருந்தவற்றில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காய்ந்த பக்கு இருந்தால் புதுத்தோல் செல்கள் அதற்கு அடியில் குடைந்துகொண்டு ஈரமான பாதையைத் தேடி நகர வேண்டியிருக்கிறது, ஈரம் இருந்தால் நேராகப் போகின்றன. இன்றைக்கு மருத்துவமனைகளில் நடக்கிற டிரெஸ்ஸிங் முறைகளில் பல அந்த ஒரு சோதனையிலிருந்து கிளைத்தவை.

நமக்கு இதன் பொருள் என்ன? கழுவி, சுற்றியுள்ள தோலை ஒற்றித் துடைத்து, காயத்தின் மேல் மெல்லிசாக வாசலின் தடவி, மூடுங்கள். விலை உயர்ந்த ஆன்டிபயாடிக் களிம்பு எல்லாச் சின்னக் காயத்துக்கும் தேவையில்லை. 1996-இல் அமெரிக்காவில் சிறு அறுவை சிகிச்சைக் காயங்களில் சாதாரண வெள்ளை வாசலினையும் ஒரு ஆன்டிபயாடிக் களிம்பையும் ஒப்பிட்டபோது கிருமித் தொற்றில் குறிப்பிடும்படி வித்தியாசம் வரவில்லை. நியோஸ்போரின் பவுடரை மாவு தூவுகிறாற்போலத் தூவுகிறோமே, அது காயத்து நீரோடு சேர்ந்து கட்டியாகிக் காய்ந்துவிடும், அதிலுள்ள நியோமைசின் சிலருக்கு அரிப்பும் சிவப்பும் கொடுக்கும், அதைப் பார்த்துக் காயம் செப்டிக் ஆகிவிட்டது என்று இன்னும் கொஞ்சம் தூவுவார்கள். வாசலின் டப்பா மட்டும் புதிதாக இருக்கட்டும், குளிர்காலத்தில் வீடே விரலை விட்டு எடுத்த டப்பா வேண்டாம்.

சாதாரண வெட்டுக்குப் பேண்ட் எய்ட் போதும். அந்தப் பொருளே சமையலறை வெட்டுக்காகத்தான் பிறந்தது. 1920-இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியில் பருத்தி வாங்கும் வேலையில் இருந்த எர்ல் டிக்சன், அடிக்கடி விரலை வெட்டிக்கொண்ட தன் மனைவி ஒற்றைக் கையாலேயே போட்டுக்கொள்ளும்படி செய்தது. விரல்நுனியில் அது நிற்காமல் கழன்று வருகிறதா? ஒட்டும் இரண்டு பக்கத்தையும் பஞ்சு வரை நீளவாக்கில் கத்தரியால் பிளந்துவிடுங்கள், இப்போது நாலு வால் கிடைக்கும், குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் நுனியிலும் முட்டியிலும் நிற்கும். விரலைச் சுற்றி இறுக்கி ஒட்டாதீர்கள். ஒட்டியபின் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் தளர்த்துங்கள்.

தோல் கிழிந்து மடிந்துபோனால்

இது வயதானவர்களுக்கே உரிய காயம், இளையவர்களுக்குச் சொன்னால் புரியாது. இரும்பு கேட், கட்டில் மூலை, பஸ் கம்பி, பேரக்குழந்தையின் நகம், எதில் பட்டாலும் புறங்கையிலோ முன்கையிலோ தோல் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டும் மறுபக்கம் சுருண்டும் நிற்கும். முதல் ஆசை, அதைக் கத்தரித்துவிடுவது. செய்யாதீர்கள். அந்தத் தோல்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த கட்டு.

ரத்தத்தை மெதுவாக ஒற்றி நிறுத்திவிட்டு, சலைனோ காய்ச்சி ஆறிய தண்ணீரோ ஊற்றிக் கழுவுங்கள். சுருண்ட தோல் காய்ந்திருந்தால் நனைத்த காஸ் துணியை அதன் மேல் ஐந்து பத்து நிமிடம் வையுங்கள், இளகும். பிறகு நனைத்த காது குடையும் பஞ்சுக் குச்சியை உருட்டி உருட்டி, தோலை அது இருந்த இடத்துக்கே விரித்துக் கொண்டுவாருங்கள். இழுக்கக் கூடாது, எவ்வளவு வருகிறதோ அவ்வளவு போதும். மேலே ஒட்டாத வகை டிரெஸ்ஸிங் வைக்க வேண்டும். மருந்துக் கடையில் பாரஃபின் காஸ் என்று கேளுங்கள், ஜெலோநெட், பாக்டிகிராஸ் என்ற பெயர்களில் வரும். அதன் மேல் சாதா காஸ், அதன் மேல் ரோல் பேண்டேஜைத் தளர்வாக ஒரு சுற்று. பேண்ட் எய்டோ பிளாஸ்திரியோ இந்தத் தோலில் நேரடியாக ஒட்டவே கூடாது, பிய்க்கும்போது இன்னொரு காயம் வரும். கட்டின் மேல் பேனாவால் ஒரு அம்புக்குறி போடுங்கள், தோல் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறதோ அங்கிருந்து கிழிந்த முனையை நோக்கி. அடுத்த முறை கட்டைப் பிரிப்பவர், நீங்களோ மகளோ நர்ஸோ, அந்தத் திசையிலேயே பிரித்தால் தோல் மறுபடி தூக்கிக்கொள்ளாது. ரத்தம் கசியாமலும் வாடை வராமலும் இருந்தால் இந்தக் கட்டை மூன்று நாலு நாள் தொடாமல் விடலாம்.

தோல் பாதிக்கு மேல் போய்விட்டது, கறுத்துவிட்டது, அடியில் ரத்தம் கட்டிக் குமிழாக நிற்கிறது என்றால் டாக்டர் பார்க்கட்டும்.

இப்படிக் கிழிவதைக் குறைக்க வழி உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கைகால்களில் ஈரப்பதக் களிம்பு தடவிப் பார்த்தார்கள், 2014-இல் வெளியான அந்த ஆய்வில் தோல் கிழிவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. குளித்ததும் ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தடவுவதுதான் நேரம். வாசனை இல்லாத சாதாரண களிம்பு போதும்.

டெட்டனஸ் ஊசி

இரண்டு கோஷ்டி இருக்கிறது: பேனா முள் குத்தினாலும் ஊசி போடுகிறவர்கள், "சின்ன வயசில் போட்டாச்சு" என்று வாழ்நாள் முழுக்கத் தள்ளிப்போடுகிறவர்கள். கணக்கு இதுதான். முழுத் தவணையும் போட்டவர்களுக்குச் சுத்தமான சின்ன வெட்டு என்றால், கடைசி ஊசி 10 வருடத்துக்குள் இருந்தால் வேண்டியதில்லை. மண், சாணி, துரு, ஆழமான குத்து என்றால் 5 வருடம்.

ஆனால் முதலில் நீங்கள் முழுத் தவணை போட்டவரா? இந்தியாவில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் 1978-இல்தான் தொடங்கியது. இப்போது அறுபது தாண்டியவர்கள் அதற்கு முன்பே பிறந்தவர்கள். பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் போட்டிருப்பார்கள், ஆண்களில் பலருக்கு முறையான தவணை ஒருபோதும் நடந்திருக்காது, அவ்வப்போது அடிபட்டபோது போட்ட ஒற்றை ஊசிகள்தான். முதல்முறை போடும் ஊசி உடனே பாதுகாப்புத் தராது, எதிர்ப்புச் சக்தி வர வாரங்கள் ஆகும், அதனால் அழுக்கான காயத்தோடு வருகிற இவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் என்ற தனி ஊசியும் தேவைப்படலாம். டாக்டரிடம் "டி.டி. போடுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், "எனக்குத் தவணை போட்டதாகத் தெரியவில்லை" என்றும் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஊசி இலவசம், இப்போது தருவதில் தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது. போட்ட தேதியை பிரஷர் மாத்திரை நோட்டிலேயே எழுதி வையுங்கள்.

கடி, முள், மீன்

நாய், பூனை, குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனை. ரத்தம் வராத பிறாண்டலுக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி உண்டு, ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இன்னொரு ஊசியும் சேரும். வீட்டு நாய்தானே, பழகின பூனைதானே என்பதெல்லாம் கணக்கில் வராது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு வைக்காதீர்கள், கட்டும் போடாதீர்கள். பூனைப் பல் ஊசி போல ஆழமாக இறங்கும், வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், மறுநாளே கை வீங்கிச் சிவந்துவிடும், ஆகவே கையில் பூனைக்கடி என்றால் புள்ளியாக இருந்தாலும் டாக்டர்.

கெளுத்தி ஆயும்போது முள் குத்தினால் உயிர் போகிறாற்போலக் கடுக்கும். தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் அரை மணி நேரம் வைத்தால் கடுப்பு இறங்கும். சூட்டை மறுகையால் பார்த்துவிட்டு வையுங்கள், இரண்டு கையும் மரத்தவர்கள் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், மீன் முள்ளுக்காகக் கையை வேகவைத்துக்கொள்ள வேண்டாம். கல்லீரல் நோய் இருப்பவர்கள் இறால், நண்டு, கடல் மீன் குத்திய காயத்தை அலட்சியமாக விடக் கூடாது, கடல் நீரில் வாழும் ஒருவகைக் கிருமி அவர்களுக்கு மணிக்கணக்கில் உயிருக்கே ஆபத்தாகும். சீமைக்கருவேல முள் மூட்டருகே ஒடிந்து தங்கினால் வாரக்கணக்கில் வீக்கம் வடியாது, வெளியே காயம் ஆறியிருந்தாலும் முள் குத்திய கதையை டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்து வரும் நாட்கள்

தினமும் ஒருமுறை, அல்லது நனைந்தால், அழுக்கானால், பேண்ட் எய்டை மாற்றுங்கள். வெடுக்கென்று பிய்க்காமல் தண்ணீரில் நனைத்து, தோலை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு மெல்ல உரியுங்கள். குளிக்கலாம், தண்ணீர் பட்டால் சீழ் பிடிக்கும் என்பது சரியில்லை, ஊறப்போடாமல் குளித்துவிட்டு ஒற்றித் துடைத்துப் புதுக் கட்டுப் போட்டால் சரி. பாத்திரம் தேய்ப்பது, துணி அலசுவது, மீன் ஆய்வது மட்டும் கையுறையோடு.

முதல் இரண்டு மூன்று நாள் விளிம்பில் லேசான சிவப்பும் வீக்கமும் இயல்பு. அதற்குப் பிறகு வலி குறைய வேண்டும். குறையாமல் கூடினால் எச்சரிக்கை. சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள், மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தால் கிளம்புங்கள். சீழ், சூடு, கையில் மேலே ஏறும் சிவப்புக் கோடு, அக்குளில் நெறி, இதெல்லாம் அன்றைக்கே காட்ட வேண்டியவை. விரல் முழுக்க உருண்டையாக வீங்கி, பாதி மடங்கிய நிலையிலேயே நின்று, நிமிர்த்தினால் உயிர்போகிற வலி என்றால் இரவென்றும் பார்க்காதீர்கள், நாண் உறைக்குள் கிருமி போயிருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமல் தொற்று பரவுவதும் உண்டு. திடீரென்று சாப்பாடு பிடிக்காமல், பேச்சு குழம்பி, சோர்ந்து கிடந்தால் வீட்டில் இருப்பவர்கள் கையைத் திறந்து பார்க்க வேண்டும்.

மருந்துக் கடையில் "ஆறலை, ஒரு ஆன்டிபயாடிக் குடுங்க" என்று வாங்கிச் சாப்பிடாதீர்கள். சில ஆன்டிபயாடிக்குகள் வார்ஃபரின், அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டி உள்ளுக்குள் ரத்தம் கசிய வைக்கும்.

சாப்பாட்டில் பத்தியம் எதற்கும் வேண்டாம். முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், கத்தரிக்காய் அரிக்கும், மீன் ஆகாது என்று ரசம் சாதத்திலேயே பத்து நாளை ஓட்டுவார்கள், ஆனால் புதுத்திசு கட்டுவதற்குப் புரதம்தான் வேண்டும், முட்டையோ பருப்போ தயிரோ மீனோ ஒன்று தினமும் இலையில் இருக்கட்டும் (சிறுநீரகக் கோளாறு இருந்து புரத அளவு சொல்லியிருந்தால் அதன்படி). சர்க்கரை அளவையும் இந்த நாட்களில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெட்டி ஒன்றும் இருக்கட்டும், இடுப்பு உயரத்தில், சமையலறைக்கு வெளியே: காஸ், பாரஃபின் காஸ், ரோல் பேண்டேஜ், மைக்ரோபோர் டேப், பேண்ட் எய்ட், சின்ன சலைன் பாட்டில், வாசலின், மழுங்கிய நுனிக் கத்தரி, ஒரு பழைய மூக்குக்கண்ணாடி, டார்ச். கண்ணாடி ஏனென்றால் காயம்படும்போது நம் கண்ணாடி எங்கே இருக்கும் என்று நமக்கே தெரியாது. பாக்கெட்டுகளின் ஓரத்தை முன்கூட்டியே லேசாக வெட்டி வைக்க ஆசை வரும், வேண்டாம், கிருமி நீக்கிய பாக்கெட் அது. பதிலாக, பாக்கெட்டை மேசை விளிம்பில் முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் கிழிக்க ஒருமுறை பழகிப் பாருங்கள்.

கட்டுப் போட்ட கையைக் குழந்தை போலத் தூக்கி வைத்துக்கொண்டே இருப்பதும் சரியில்லை. நம் வயதில் விரல் மூட்டு ஒரு வாரத்திலேயே இறுகிவிடும். தையலோ நாண் காயமோ இல்லாத சாதாரண வெட்டு என்றால் இரண்டாம் நாளிலிருந்தே விரல்களை மெதுவாக முழுக்க மடக்கி முழுக்க நீட்டுங்கள், காயம் பிளக்காத அளவுக்கு, நாளுக்கு நாலைந்து தடவை. தையல் போட்டிருந்தால் கையில் பொதுவாக 7 முதல் 10 நாள், மூட்டின் மேல் 10 முதல் 14 நாள் கழித்துப் பிரிப்பார்கள், அதுவரை எவ்வளவு அசைக்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்.

சின்ன வெட்டு மூட ஒரு வாரம் முதல் இரண்டு வாரம், தோல் கிழிந்தது என்றால் மூன்று நாலு வாரம்கூட ஆகலாம். நாலு வாரம் தாண்டியும் மூடவில்லை, அல்லது மூடி மூடித் திறக்கிறது, விளிம்பு தடித்து மேடாக வருகிறது என்றால் களிம்பை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் அதிலிருந்து ஒரு சின்னத் தோல் துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்.